ஒரே வெள்ளம் வந்த இரண்டு வீடுகளில் ஒன்று மட்டும் ஏன் சீக்கிரம் எழும்பியது?

நீங்கள் கேட்டது ஒரு பணக் கேள்வி. கொழும்புக்குப் பக்கத்தில், களனி கங்கையோரம் வெல்லம்பிட்டியில் மேல்மாடி இல்லாத ஒரு வீடு. அப்பா காலத்தில் வாங்கியது, காணி உறுதிப் பத்திரம் இல்லை, கைக்கடதாசி மட்டும் இருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வாப் புயலோடு வந்த வெள்ளத்தில் நெஞ்சளவு தண்ணீர் ஏறியது. தையல் வேலை வீட்டிலேயே நடக்கிறது. அம்மாவுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறார். கையில் மிஞ்சியிருப்பது நாலு லட்சம். அதை வைத்து வீட்டுத் தரையை உயர்த்துவதா, அல்லது வத்தளைப் பக்கம் வாடகைக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் நடுவில் இன்னொரு வரி எழுதியிருக்கிறீர்கள். "பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இதே அளவு தண்ணீர்தான். அவர்கள் மூன்று கிழமையில் கடையைத் திறந்துவிட்டார்கள், எங்களால் இன்னும் முடியவில்லை, ஏன்?" உண்மையில் நீங்கள் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். இதற்குப் பதில் கிடைத்தால் நாலு லட்சத்தை என்ன செய்வது என்பதும் பாதி தெளிந்துவிடும்.

நான் புவியியல் படித்தவன். வெள்ளத்துக்குப் பிறகு வீடு வீடாகப் போய் இழப்பையும் மீட்சியையும் பதிவு செய்யும் வேலையில் களனி கங்கைக் கரையோரம் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். பொறியியலாளரும் அல்ல, சட்டத்தரணியும் அல்ல. ஆகவே உங்கள் வீட்டுத் தரை பின்னால் நான் சொல்லும் மேல்தட்டைத் தாங்குமா, அந்தக் கைக்கடதாசி நீதிமன்றத்தில் நிற்குமா என்ற இரண்டையும் அந்தந்தத் துறை ஆட்கள் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மற்றதை என்னால் சொல்ல முடியும்.

முதலில், உங்கள் வீட்டுக்கு வருவது எந்தத் தண்ணீர்? கொழும்பில் வெள்ளம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் இரண்டு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, நகரத்தின் தலைமேலேயே கொட்டும் மழை. 1992 ஜூனில் ஒரே நாளில் கொழும்பில் 490 மி.மீ. அளவுக்குப் பெய்தது. 2010 நவம்பரில் ஓர் இரவில் 400 மி.மீ.க்கு மேல் பெய்து, பாராளுமன்ற வளாகமே தண்ணீருக்குள் நின்றது. இந்த வகைத் தண்ணீர் சில மணித்தியாலத்தில் ஏறும், கால்வாய் வேலை செய்தால் ஓரிரு நாளில் வடியும். பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே நிற்கும். மற்றது களனி கங்கை. அது மலையில் பெய்த மழை. நோர்வூட், கித்துல்கல, தெரணியகலைப் பக்கம் கொட்டியது இறங்கி, ஹங்வெல்லயைத் தாண்டி, கொழும்பில் வெயில் அடிக்கும்போதுகூட உங்கள் வாசலுக்கு வரும். மெதுவாக ஏறும், நெஞ்சுவரை வரும், நாட்கணக்கில் நிற்கும். 2016 மே மாதமும் 2025 நவம்பர் கடைசியிலும் உங்கள் பக்கம் வந்தது இந்த இரண்டாவது தண்ணீர். கங்கை உயர்ந்திருக்கும்போது அதில் போய் விழும் கால்வாய்கள் வடிய இடமில்லாமல் திரும்பி ஊருக்குள் வருகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கங்கைக் கரையிலிருந்து தள்ளி இருக்கும் ஒழுங்கைக்குள்ளும் தண்ணீர் வந்து நிற்பதற்கு அதுதான் காரணம்.

கொழும்பு மாநகரின் பெரும்பகுதியைக் கங்கையிலிருந்து பிரிப்பது ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய மண் அணைக்கட்டு. அந்த அணைக்கட்டுக்கு எந்தப் பக்கம் உங்கள் வீடு இருக்கிறது என்பதுதான், என்னைக் கேட்டால், இந்தப் பிரதேசத்தில் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கங்கைப் பக்கம் இருந்தால் எந்தப் பம்பும் எந்தச் சுரங்கமும் உங்களுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. 2012இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய பெருநகர கொழும்புத் திட்டத்தில் கால்வாய்களை அகலமாக்கினார்கள், கொழும்பு முகத்துவாரப் பகுதியில் தண்ணீர் கடலுக்குப் போகச் சுரங்கம் வெட்டினார்கள், நீரேற்று நிலையங்கள் அமைத்தார்கள். நல்ல வேலைகள்தான். ஆனால் அவற்றின் குறி பெரும்பாலும் முதல் வகைத் தண்ணீர், அதாவது நகரத்துக்குள் பெய்யும் மழை. மலையிலிருந்து வரும் கங்கையை அவை நிறுத்தாது. "திட்டம் முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று யாராவது சொன்னால், எந்தத் தண்ணீருக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

கங்கையின் உயரத்தைக் கொழும்பு நாகலகம் வீதியில் உள்ள அளவுமானியில் பார்க்கிறார்கள். அங்கே 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெரு வெள்ளம். 2016இலும் டித்வாவிலும் 7 அடியைத் தாண்டியது. ஆனால் 1989 ஜூனில் 9 அடிக்கு மேல் போனது. 1947 ஆகஸ்டில் 12 அடியைத் தாண்டியது. அப்போது உங்கள் வெல்லம்பிட்டி இருக்கும் கொலன்னாவைப் பக்கம் பெரும்பாலும் வயலும் சதுப்பும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. சுவரில் டித்வாவின் கறை எங்கே நிற்கிறதோ அதுதான் உச்சம் என்று நினைத்து, அதற்கு ஓரடி மேலே எல்லாவற்றையும் தூக்கி வைத்தால் போதும் என்று கணக்குப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தக் கங்கை அதைவிடப் பெரிதாக ஏற்கெனவே வந்திருக்கிறது.

காலநிலை மாற்றம் இதை எவ்வளவு மோசமாக்கும்? இதில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைப் பிடித்து வைக்கும். இது பௌதிகம், இதில் வாதத்துக்கு இடமில்லை. ஆகவே பெய்யும்போது கொட்டிப் பெய்யும் நாட்கள் கனமாகும் என்பது உறுதி. கடல் மட்டம் உயர்வதும் உறுதி. உலக சராசரி 1901 முதல் 2018 வரை 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது, அதில் 2006 முதல் 2018 வரை வருடத்துக்கு 3.7 மி.மீ. வேகத்தில் ஏறியது. கொழும்பில் அலை ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் கடல் சில அங்குலம் உயர்ந்தாலே முகத்துவாரத்திலும் வெள்ளவத்தை, தெஹிவளைக் கால்வாய் வாய்களிலும் தண்ணீர் வெளியேறுவது மந்தமாகும். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் மணல் திட்டு வேறு வாயை அடைக்கும். சந்தேகமானது என்னவென்றால், தென்மேற்கில் வருட மொத்த மழை கூடுமா குறையுமா என்பதும், வங்காள விரிகுடாவில் புயல்களின் எண்ணிக்கை கூடுமா என்பதும். இதில் காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. வருகிற புயல்களில் பலமானவற்றின் பங்கு கூடும் என்பதற்குத்தான் ஆதாரம் அதிகம். ஆனால் எல்லாவற்றையும் காலநிலை மேல் போடுவதையும் நான் ஏற்கமாட்டேன். கொலன்னாவைச் சதுப்பை மண் போட்டு நிரப்பினோம். தண்ணீர் தங்குகிற இடத்தில் வீடும் களஞ்சியமும் கட்டினோம். மீத்தொட்டமுல்லையில் குப்பையை மலையாக்கினோம். 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று அது சரிந்து 32 உயிர்கள் போயின. 2018இல் உலகின் முதல் ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் அங்கீகாரம் கிடைத்தது. மிஞ்சியிருக்கும் ஈரநிலம் அவ்வளவு பெறுமதியானது. அதை இன்னும் நிரப்ப விட்டால் அந்தத் தண்ணீருக்கு உங்கள் ஒழுங்கையைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

சரி, இப்போது பக்கத்து வீட்டுக்கு வருவோம். ஆய்வாளர்கள் ஒரு குடும்பத்தின் பலவீனத்தை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். எவ்வளவு தண்ணீர் வருகிறது, வந்தால் எவ்வளவு கெடுகிறது, கெட்டதைத் திருத்திக்கொண்டு எழும்ப எவ்வளவு சக்தி இருக்கிறது. முதலாவது இரண்டு வீட்டுக்கும் சமம். வித்தியாசம் முழுக்க மற்ற இரண்டிலும் இருக்கிறது. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவர்களுக்கு மேலே ஒரு அறை, கட்டாரில் ஒரு மகன், தெஹிவளையில் அக்காவின் தம்பி வீடு, வீட்டுக்கு உறுதி. இந்த நாலையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேல் அறை இருந்ததால் கடைச் சாமானில் பெரும்பங்கு நனையவில்லை. மகனின் சம்பளம் வெள்ளத்தில் நின்று போகவில்லை, ஏனென்றால் அது வெல்லம்பிட்டியில் உழைக்கும் காசு இல்லை. தம்பி வீட்டில் தங்கியதால் அவர்கள் முகாமில் நிற்கவோ, ஈரச் சுவருக்குள் திரும்பிப் படுக்கவோ வேண்டியிருக்கவில்லை, அதனால் காய்ச்சலும் வரவில்லை. உறுதி இருந்ததால் வங்கியில் கடன் கேட்க முடிந்தது.

உங்கள் பக்கம் என்ன நடந்தது? மெஷின் நனைந்தது. அதோடு வருமானமும் அன்றே நின்றது, ஏனென்றால் வீடும் தொழிற்சாலையும் ஒன்றே. வாடிக்கையாளர் கொடுத்த துணிகளும் சேற்றில் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அது வெறும் இழப்பு இல்லை, கடன். அம்மாவுக்கு மருந்து நிற்கக்கூடாது. ஆகவே நகை அடகுக்குப் போனது, பிறகு நாள் வட்டிக்கு எடுத்தீர்கள். கரையோரத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த கதை இதுதான். தண்ணீர் ஒரு கிழமையில் வடிந்துவிடும், வட்டி வடியாது. ஒரு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், குடும்பம் விழுந்து கிடப்பது தண்ணீர் உடைத்ததால் என்பதைவிட, தண்ணீருக்கு அடுத்த இரண்டு மாதத்தில் எடுத்த கடனால் என்பதாகவே பல வீடுகளில் இருக்கும். உங்களால் எழும்ப முடியாதது உங்கள் சோம்பேறித்தனமோ கெட்டித்தனக் குறைவோ அல்ல. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் உங்கள் கேள்வியில் அந்தக் குற்ற உணர்வு தெரிகிறது.

தம்பி வீடு தெஹிவளையில் இருந்தது என்ற விஷயத்தில் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் ஆட்களிடம் உறவும் அயலும் பலம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். உண்மைதான். வெள்ள நாட்களில் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாமே சமைத்துப் போட்டதை நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள். ஆனால் அந்த உறவெல்லாம் ஒரே ஒழுங்கையில் இருந்தால் எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் தண்ணீர். நீங்கள் கட்டும் சீட்டில் இருப்பவர்கள் அத்தனை பேரும் வெல்லம்பிட்டியிலேயே இருந்தால், எல்லாருக்கும் ஒரே மாதம் காசு தேவைப்படும், யாராலும் கட்ட முடியாது, சீட்டு உடையும். வெள்ளத்துக்குப் பிறகு அப்படி உடைந்த சீட்டுகள் பல. ஆகவே ஒன்று செய்யுங்கள். கங்கை வெள்ளம் போகாத இடத்தில், கொட்டாஞ்சேனையோ மருதானையோ தெஹிவளையோ, ஒரு குடும்பத்தோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். "கங்கை ஏறினால் அம்மாவும் நானும் நாலு நாள் வருவோம், இரண்டு மெஷினைக் கொண்டுவந்து வைப்போம்" என்று நேரடியாகக் கேளுங்கள். அந்த நாளில் போய்க் கேட்பதற்கும் இன்றே கேட்டு வைப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. சீட்டும் ஒன்றாவது வெளியூர் ஆட்களோடு இருக்கட்டும். இதற்கு நாலு லட்சத்தில் ஒரு சதமும் செலவில்லை.

காசுக்கு வருகிறேன். தரையை உயர்த்துவதற்கு எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். இரண்டடி உயர்த்தினால் முதல் வகை மழைத் தண்ணீரிலிருந்து தப்பலாம். நெஞ்சளவு வரும் கங்கைக்கு அது தொடையளவு ஆகும், அவ்வளவுதான். தொடையளவிலும் மெத்தை, அலுமாரி, பிரிட்ஜ், மெஷின் எல்லாம் போகும். கூரையை உயர்த்தாமல் தரையை மட்டும் உயர்த்தினால் தகரமோ ஷீட்டோ தலைக்குக் கிட்ட வந்துவிடும். கொழும்பின் ஈரப்பதத்தில் மார்ச், ஏப்ரல் மத்தியானங்களில் அதற்குக் கீழே உட்கார்ந்து தைக்க முடியாது. வெக்கையும் ஒரு காலநிலை ஆபத்துத்தான், சத்தமில்லாமல் வருவதால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வருடத்தில் பல தடவை கணுக்கால் அளவுத் தண்ணீர் வருகிற வீடாக இருந்தால் என் பதில் வேறு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் பிரச்சினை அது இல்லை.

அதற்குப் பதிலாக, தண்ணீர் உள்ளே வரும் என்று ஏற்றுக்கொண்டு, அது போன மறுநாள் வேலை தொடங்கும் மாதிரி வீட்டை மாற்றுங்கள். முதல் செலவு, இரும்புச் சட்டத்தில் ஒரு மேல்தட்டு. முழு வீட்டுக்கும் வேண்டாம், ஒரு அறைக்குப் போதும், ஆனால் டித்வாக் கறைக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். சுவரில் சுமை ஏற்றாமல் தன் காலிலேயே நிற்கிற சட்டமாக வெல்டிங்காரரிடம் சொல்லுங்கள், கட்டட வேலை தெரிந்தவர் ஒருவரைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டிவிட்டுச் செய்யுங்கள். ஏணி அம்மா ஏறக்கூடியதாக இருக்கத் தேவையில்லை, அம்மா அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். தட்டுக்கு ஏறுவது சாமான் மட்டும். இரண்டாவது மெஷின். இன்டஸ்ட்ரியல் மெஷினில் முதலில் நனைவது மேசைக்குக் கீழே தொங்கும் மோட்டார்தான். புதிதாக எடுக்கும்போது மோட்டார் தலையிலேயே, அதாவது மேசைக்கு மேலே ஊசி இருக்கும் பகுதியிலேயே, இருக்கிற வகையைப் பாருங்கள். தலையைக் கழற்றி இரண்டு பேர் தூக்கினால் மேசை நனைந்தாலும் தொழில் தப்பும். மேசையைப் பிறகு பார்க்கலாம். வாடிக்கையாளர் துணிக்கு மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள், எப்போதும் தட்டிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது மின்சாரம். பிளக்குகளைத் தரையிலிருந்து ஒரு முழத்தில் வைப்பது கொழும்பு முழுக்க இருக்கிற பழக்கம். அவற்றை நெஞ்சுக்கு மேலே ஏற்றி, கீழ்ப் பிளக்குகளைத் தனி பிரேக்கரில் பிரிக்கச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தால் தானே அணையும் டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அந்தப் பொத்தானை மாதம் ஒரு தரம் அழுத்திப் பாருங்கள். வெள்ளம் வடிந்ததும் மின்வேலைக்காரர் பார்க்காமல் மெயினைப் போடவே கூடாது. நான்காவது, புதிதாக அலுமாரி வாங்கும்போது அமுக்கிய பலகையில் வாங்காதீர்கள், தண்ணீர் பட்டால் ஊதி உடையும். பிளாஸ்டிக்கோ இரும்போ அழகில்லைதான், ஆனால் கழுவித் துடைத்து வைக்கலாம். சுவர் காயும் முன்னர் பெயிண்ட் அடிக்காதீர்கள். சீமெந்துக் கல் சுவர் உள்ளே ஈரத்தை மாதக்கணக்கில் வைத்திருக்கும், மேலே அடித்த பெயிண்ட் அப்படியே உரியும்.

இதற்கெல்லாம் போக மிஞ்சுவதைச் செலவழிக்காதீர்கள். குறைந்தது ஒரு லட்சமாவது தொடாமல் வங்கியில் கிடக்கட்டும். அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு வரும் இரண்டு மாதத்துக்கு நாள் வட்டிக்காரரிடம் போகாமல் இருப்பதற்கான காசு அது. எனக்குத் தெரிந்த எந்தச் சீமெந்து வேலையையும்விட அந்த ஒரு லட்சம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்புகிறேன். இருக்கிற நாள் வட்டிக் கடன் இன்னும் ஓடுகிறது என்றால், தட்டுக்கும் முன்னால் அதைத்தான் முடிக்க வேண்டும்.

வத்தளைக்குப் போவது பற்றி. வத்தளை என்றதும் மேடு என்று நினைத்துவிடாதீர்கள். அது அதே கங்கையின் மறு கரை, பக்கத்தில் முத்துராஜவெல சதுப்பு. அங்கேயும் தண்ணீர் போகிற ஒழுங்கைகள் இருக்கின்றன. போவதானால் தரகரிடம் கேட்காதீர்கள், மூலைக் கடைக்காரரிடமும் பக்கத்து வீட்டுப் பழைய ஆட்களிடமும் 2016க்கு எதுவரை வந்தது என்று கேளுங்கள். வெளிச் சுவரைப் பாருங்கள், கறை பெயிண்டுக்குக் கீழேயும் தெரியும். இன்னொன்று, உங்கள் வாடிக்கையாளர்கள் நடந்து வருகிறவர்கள். ஐந்து கிலோமீற்றர் தள்ளிப் போனால் அவர்களில் எத்தனை பேர் வருவார்கள்? ஆற்றங்கரையும் கால்வாயோரமும் இருந்து நகர அபிவிருத்தி அதிகார சபையின் மாடிவீடுகளுக்குப் போன குடும்பங்களிடம் இதைக் கேட்டிருக்கிறேன். தண்ணீர்ப் பயம் போனது உண்மை, அதை அவர்கள் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். ஆனால் மாதக் கட்டணம், நிற்கிற லிஃப்ட், வீட்டு வாசலில் செய்த சின்ன வியாபாரம் போனது, இவை புதிய பலவீனங்கள். போகவே கூடாது என்று சொல்லவில்லை. வருமானம் போனால், வெள்ளம் வராத வீட்டிலும் நீங்கள் பலவீனமான குடும்பமாகவே இருப்பீர்கள்.

அம்மாவைப் பற்றி. நெஞ்சளவு தண்ணீரில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்ததாக எழுதியிருந்தீர்கள். அடுத்த தரம் அது நடக்கக்கூடாது, நடக்கத் தேவையும் இல்லை. கங்கை வெள்ளத்தில் உள்ள ஒரே நல்ல விஷயம் அது முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவது. ஹங்வெல்ல அளவுமானியில் 7 மீற்றர் எச்சரிக்கை, 8 சிறு வெள்ளம், 10 பெரு வெள்ளம். அங்கே ஏறிய தண்ணீர் உங்களிடம் வந்து சேர மணித்தியாலங்கள் ஆகும், ஒரு நாள் அளவுக்கும் போகலாம். நீர்ப்பாசனத் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இந்த அளவுகளை வெள்ள நாட்களில் தொடர்ந்து வெளியிடுகின்றன. 117க்கு அழைத்தும் கேட்கலாம். டித்வா நாட்களில் எச்சரிக்கை தமிழில் பிந்தித்தான் வந்தது என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது, அது நியாயமான கோபம். ஆனால் எண்ணுக்கு மொழி தேவையில்லை. ஹங்வெல்ல 8ஐத் தொட்டு இன்னும் ஏறுகிறது என்றால் அம்மாவை அனுப்பிவிடுங்கள், ஒழுங்கையில் தண்ணீர் தெரியும் வரை காத்திருக்காதீர்கள். களவு போகும் என்ற பயத்தில் வீட்டைக் காத்துக்கொண்டு கடைசி நிமிடம் வரை நிற்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. சாமான் மேலே ஏறிவிட்டால் அந்தப் பயமும் பாதி குறையும்.

பாவனையில் உள்ள இன்சுலினைப் பொதுவாக நான்கு கிழமை வரை பிரிட்ஜ் இல்லாமல் வெயில் படாத இடத்தில் வைக்கலாம். ஆனால் உங்கள் வகைக்கு எத்தனை நாள், எந்த வெப்பம் என்பதைக் கிளினிக்கில் கேட்டு எழுதி வையுங்கள். மருந்துச் சிட்டையின் படம் போனிலும், ஊருக்கு வெளியே இருக்கிற ஒருவரின் போனிலும் இருக்கட்டும். வெள்ளத்துக்குப் பிறகு சேற்றில் இறங்கித் துப்புரவாக்கும்போது எலிக்காய்ச்சல் வரும். சீனி வருத்தம் உள்ளவரின் காலில் சின்ன வெட்டு இருந்தாலும் ஆபத்து, அம்மாவைச் சேற்றில் இறக்கவே வேண்டாம். நீங்கள் இறங்குவதற்கு முன் தடுப்பு மாத்திரை தேவையா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று கிழமை கழித்து டெங்குக் காலம் தொடங்கும், தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள்.

கடைசியாகக் கடதாசி. இதைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். டித்வாவுக்குப் பிறகு வீடு துப்புரவாக்க அரசு 25,000 ரூபாய் அறிவித்தபோது, முதல் கேள்வி கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதுதான். ஹட்டனிலிருந்தோ வன்னியிலிருந்தோ வந்து கொழும்பில் வாடகைக்கு இருக்கும் நம் குடும்பங்களில் பலருக்குப் பதிவு இன்னும் ஊரில்தான். தண்ணீர் இங்கே வருகிறது, பெயர் அங்கே இருக்கிறது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்கள் மழைக்காலம் வருமுன் பதிவை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் சிக்கல் காணி உறுதி இல்லாதது. 2016இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் ஊடாக இயற்கை அனர்த்தத்தில் சேதமான வீட்டுக்கு 25 லட்சம் ரூபாய் வரை ஈடு தரும் திட்டம் வந்தது. இந்த மாதிரி எந்த ஏற்பாட்டிலும் வீடு யாருடையது என்று காட்டச் சொல்வார்கள். கைக்கடதாசியோடு பழைய வரிப் பற்றுச்சீட்டு, மின்சாரப் பட்டியல், தண்ணீர்ப் பட்டியல், வாக்காளர் பெயர்ப் பதிவு எல்லாவற்றையும் வருட வரிசையில் சேர்த்து, பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் காட்டுங்கள். சட்ட உதவி ஆணைக்குழுவில் வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனை கிடைக்கும். இப்போது இருக்கிற சேதத்தையும் சுவர்க் கறையோடு, திகதி தெரிய, படம் எடுத்து வையுங்கள்.

இன்னும் துல்லியமாகச் சொல்ல எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: வீடு அணைக்கட்டுக்கு எந்தப் பக்கம், 2016 கறை தரையிலிருந்து எத்தனை அடி, நாள் வட்டிக்கு இன்னும் எவ்வளவு கொடுக்க இருக்கிறது. கீழே எழுதினால், மேல்தட்டை எந்த உயரத்தில் போடலாம், நாலு லட்சத்தை எப்படிப் பிரிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.